ஃபியூஸ் இல்லாத ஆம்ப்ளிஃபையர்

சவுண்டு அண்ணனைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நல்ல மனுஷர், தங்கமான மனுஷர், அதெல்லாம் சரி. ஆனால் கடவுள் ஒருத்தருக்கு வாய் என்று ஒன்றை எதற்குக் கொடுக்கிறார்? பேர்தான் சவுண்டு. திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்து கேள்வி கேட்டால் ஒரு தலையாட்டல் கிடைக்கும். அதையும் நாம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் உண்டு.

எங்கள் நூலகத்தின் மாடிக் கூடத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு பழுது பார்க்கும் நாள் நடக்கும். உடைந்தது, கிழிந்தது, ஓடாமல் நின்றது, எதுவானாலும் எடுத்து வரலாம். காசு கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சாமானை வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வருகிற வேலை நடக்காது. பழுது பார்ப்பவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து, கழற்றிய திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு, முடிகிறவரை கூடவே இருக்க வேண்டும். முடிந்ததும் நூலகர் அம்மா ஒரு பித்தளை மணியை அடிப்பார். கூடத்தில் இருக்கிற எல்லாரும் கை தட்டுவோம். உட்கார்ந்தவர் எழுந்துகொள்ள வேண்டியது, அடுத்தவர் வர வேண்டியது. நான் தையல்காரி. அறுந்த பை வாரும் வாயைப் பிளந்த ஜிப்புமாக என் மேஜை கதவை ஒட்டி இருக்கும். பக்கத்து மேஜை சவுண்டு அண்ணனுடையது. ஒயர் வால் உள்ள எதுவானாலும் அவரிடம்தான் போகும்.

அவர் அங்கே வந்தது வேலையில் ஓய்வு பெற்ற பிறகு. அதற்கு முன்னால் ஒரு பெரிய குடியிருப்பில் மோட்டாரும் லிஃப்ட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னால்தான் அந்தப் பேர் வந்தது. அவரும் அவர் தம்பியும் சேர்ந்து சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார்கள். கல்யாணம், கூட்டம், பள்ளி ஆண்டு விழா, எதுவானாலும் இவர்கள் ஸ்பீக்கர்தான். அண்ணன் ஏணியில் ஏறி வயர் இழுப்பார், ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் போட்டுச் சரி செய்வார். தம்பி மைக்கைப் பிடிப்பார். அதனால் ஊரில் ஒருத்தர் சவுண்டு, இன்னொருத்தர் மைக்கு.

மைக்கின் குரலைப் பற்றி நான் சொன்னால் மிகை என்பீர்கள். "பச்சைச் சட்டை போட்ட குழந்தை மேடைப் பக்கம் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் வரவும்" என்று அவர் சொன்னால், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற அம்மாக்கள்கூட ஒரு நிமிஷம் குனிந்து சட்டை நிறத்தைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட குரல். அந்தக் குரலுக்கு ஒரு கரகரப்பு வந்துவிடக் கூடாதென்று அண்ணன் வெந்நீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே அலைவாராம். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். தம்பியைப் படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் இவர்தான். தான் மட்டும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஏணிய யாரு பிடிக்கறது?" என்றார். இதெல்லாம் ஒரு பதிலா?

பிறகு பெரிய விளக்கும் பெரிய பெட்டிகளுமாக வேறொரு கம்பெனி ஊருக்குள் வந்தது. அவர்கள் மைக்கைக் கூப்பிட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு பிள்ளைகள் இருக்கிற மனுஷர், வேறென்ன செய்வார்? அண்ணனிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு சாயங்காலம் அண்ணன் ஒரு சின்ன மண்டபத்தில் ஏணி மேல் நின்று ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த தெரு மைதானத்திலிருந்து, அடுத்தவன் ஸ்பீக்கரில், தம்பியின் குரல் வந்தது. அது ஓயும்வரை ஏணியிலிருந்து இறங்கவே இல்லையாம். இறங்கினவர் வயரையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாளே சர்வீஸை மூடினார்.

தம்பி இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். அண்ணன் கதவைத் திறந்து, "என்ன வேணும்?" என்று கேட்டாராம், கல்லாவில் உட்கார்ந்த கடைக்காரர் மாதிரி. அந்தக் கேள்விக்கு யார் என்ன சொல்ல முடியும்? அதோடு நின்றது. ஒரே ஊர், இடையில் நான்கு தெரு. பத்துப் பன்னிரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருத்தர் எதிரே வந்தால் இன்னொருத்தர் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். இதெல்லாம் ஊர் சொல்லி எனக்குத் தெரிந்தது. அண்ணன் தன் வாயால் ஒரே ஒரு தடவை சொன்னார், ஒரு இஸ்திரிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு. "போனது தப்பில்ல தங்கச்சி. என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்." அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்த மனுஷர் இத்தனை வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிறு மைக்கு படியேறி வந்தார். கையில் ஒரு பழைய ஹை-ஃபை ஆம்ப்ளிஃபையர். வெள்ளி முகம், கைப்பிடி அளவுக்கு ஒரு வால்யூம் குமிழ், சின்னக் கண்ணாடி ஜன்னலுக்குள் சத்தத்துக்குத் தக்கபடி ஆடுகிற இரண்டு முள். கனம் தாங்காமல் மூச்சு வாங்கியது. நேராக என் மேஜைக்கு வந்து அதை இறக்கி வைத்தார்.

"இது தையல் மேஜைங்க. பொத்தான் கித்தான் அறுந்திருந்தா சொல்லுங்க" என்றேன்.

"தெரியும்மா." குரல் உடைந்து கரகரவென்று வந்தது. அடையாளமே தெரியவில்லை. "தொண்டை கட்டியிருக்கு. ஒண்ணு கேக்கணும். இதுல ஃபியூஸ் போயிருந்தா, அத அண்ணன் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அவர் கையிலயா? நீங்க நாற்காலிய இழுத்துப் போடறதுக்குள்ள ஆயிடும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ. நான் அத மட்டும்தான் கழட்டினேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார விடுவார்கள் என்பதற்காக, ஐம்பதைத் தாண்டிய மனுஷர் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து தன் கையாலேயே ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னும் ரெண்டு வயரையாவது பிச்சுட்டு வந்திருக்கலாம்ல?" என்றேன்.

"மனசு வரலம்மா. நாங்க ரெண்டு பேரும் முதல் சம்பாத்தியத்துல வாங்கினது. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. அவர் முறை வந்தபோது, மெஷினில் கிடந்த பையை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் நிமிர்ந்தார். தம்பியைப் பார்த்தார். காது நுனி சிவந்தது. பார்வை உடனே கீழே, பெட்டிக்கு, இறங்கிவிட்டது.

"என்ன பிரச்சினை?"

"லைட்டே வரலண்ணே."

தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிற சின்ன மூடியைக் கழற்றிவிட்டார். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு கணம் நின்று பார்த்தார். தகர டப்பாவிலிருந்து ஒரு ஃபியூஸை எடுத்தார், மீட்டரில் தொட்டுப் பார்த்தார், பொருத்தினார், சோதனைக்கு வைத்திருக்கிற குண்டு பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்தார். பல்பு மினுக்கென்று எரிந்து அடங்கியது. முள் இரண்டும் துள்ளின. மேஜையடியில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட மாதிரி அப்படி என்ன அவசரமோ!

"ஃபியூஸே இல்ல. யாரோ கழட்டியிருக்காங்க. வீட்ல குழந்தைங்க இருந்தா எட்டாத இடத்துல வைங்க" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தான் தூக்கி வளர்த்த தம்பியிடம் 'வைங்க' என்றார் பாருங்கள், எனக்குச் சுருக்கென்றது.

"ஒரு பக்கம் சத்தம் கம்மியா வர்ற மாதிரி இருக்குண்ணே" என்றார் தம்பி.

அண்ணன் ஒரு குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "ரெண்டும் சமமாத்தான் வருது."

"கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பாத்தா..."

"தேவையில்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, உள்ள தூசி அடைஞ்சிருக்கும். திறந்து நல்லா துடைச்சுக் குடுங்களேன். அவர் உக்காந்திருக்கட்டும்" என்று குரல் கொடுத்தேன்.

"அத வீட்லயே துடைச்சுக்கலாம்" என்றார்.

நூலகர் அம்மா மணியை அடித்துவிட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்கு ஆக விரைவாக முடிந்த வேலை என்று யாரோ சொன்னார்கள். தம்பி எழுந்து நின்று பெட்டியை அணைத்துக்கொண்டு, "சரிண்ணே, வரேன்" என்றார். அண்ணன் அடுத்ததாக வந்த மிக்ஸியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

தம்பி படியிறங்கியதும் நான் எழுந்து போய் அந்த மிக்ஸியைப் பிடுங்கித் தள்ளி வைத்தேன். "மனுஷனா நீங்க? அவர் ஆம்ப்ளிஃபையருக்கா வந்தார்? ஃபியூஸ கழட்டினதே அவர்தான். உங்க பக்கத்துல உக்காரணும்னு வந்தார். உக்கார வச்சீங்களா?"

அண்ணன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். தெருவில் தம்பி இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்துப் பார்த்தார். "என்ன பேசறதுன்னு தெரியல தங்கச்சி. கை அது பாட்டுக்கு வேலைக்குப் போயிடுச்சு" என்றார்.

"இப்பவே அவர் வீட்டுக்குப் போங்க."

"போய் என்னன்னு சொல்றது? கையில ஒரு வேலை இல்லாம எப்படிப் போறது?" என்றவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அவனே வருவான். இந்தத் தடவை ஃபியூஸு. அடுத்த மாசம் வேற எதையாவது பிடுங்கிட்டு வருவான். சின்ன வயசுலயும் அப்படித்தான். சைக்கிள் காத்த அவனே இறக்கிட்டு வந்து நிப்பான்."

அந்த ஒரு மாதம் அவர் வேறு மனுஷராக இருந்தார். என் கடைக்கு வந்து, தொளதொளத்த சட்டை இரண்டை உடம்புக்குச் சரியாகப் பிடித்துத் தைத்துக்கொண்டார். அடுத்த தடவை மதியத்துக்கு மேல் தன்னிடம் வேறு யாரையும் அனுப்ப வேண்டாம் என்று நூலகர் அம்மாவிடம் சொல்லிவைத்தார். தம்பிக்கு முதுகு சாய்கிற மாதிரி ஒரு நாற்காலி தேடிக் கண்டுபிடித்தார். ஆம்ப்ளிஃபையர் வந்தால் என்னென்ன செய்யப்போகிறார் என்று என்னிடம் ஒப்பித்தார். மேல் தகட்டைக் கழற்றணும், குமிழ் ஒவ்வொன்றையும் எடுத்துச் சுத்தம் பண்ணணும், ஈயப்பற்று விட்ட இடத்தையெல்லாம் புதுசாகப் பற்ற வைக்கணும். "அவசரமே படமாட்டேன். சாயங்காலம் வரைக்கும் உக்கார வச்சிடறேன் பாரு" என்றார். நான் தினமும் ஒரே பாட்டுத்தான் பாடினேன். நான்கு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வரக் கூடாதா? கேட்டால்தானே. பார்க்கிற வேலையில் அவ்வளவு வேகம், கால் மட்டும் அந்தத் தெருவுக்கு நகராது.

அடுத்த மாதத்து ஞாயிறு வந்தது. காலையில் நான்கைந்து சாமான்களை முடித்துவிட்டு, மதியத்திலிருந்து மேஜையைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் முதுகை நிமிர்த்துவார். கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. நான் மெஷினை மூடுகிற நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தார். மைக்கின் மனைவி. கையில் எதுவும் இல்லை.

"பெரியத்தான்" என்றார். அண்ணன் எழுந்துவிட்டார்.

"அவருக்கு ஆபரேஷன் ஆச்சு. இங்க வந்துட்டுப் போன அந்த வாரமே. தொண்டையில கட்டி. குரல் பெட்டியவே எடுத்துட்டாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்ல. இனிமே பேச மட்டும் முடியாது." அந்த அம்மா அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவர்போல் இருந்தார். "அதுக்கு முன்னாடி உங்ககிட்ட பேசிடணும்னுதான் வந்தார். ரெண்டு நாளா சுவத்தப் பாத்து ஒத்திகை பாத்தார். திரும்பி வந்து, அண்ணன் நல்லா இருக்கார், கை இன்னும் அதே வேகம்தான்னு சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல. உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னும் சொல்லிட்டார். எனக்குத்தான் மனசு கேக்கல."

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், அந்த முதுகு சாய்கிற நாற்காலியை. "நீயும் வா தங்கச்சி. எனக்குத் தனியாப் போகத் தெரியல" என்றார். திட்டுவதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

நடந்தே போனோம். சின்ன வீடு. முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார் மைக்கு. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. பாதியாக இளைத்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழப் பார்த்தார். அண்ணன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். தொட்ட கையை எடுக்கவில்லை.

தம்பி தன் போனை எடுத்து ஏதோ எழுதினார். "வாங்கண்ணே" என்றது போன். ஒரு பெண் குரல். நீங்கள் அழைக்கும் எண் பிஸியாக உள்ளது என்று சொல்வாளே, அப்படி ஒரு குரல்.

"எழுதினா அதுவே படிக்கும் பெரியத்தான். பசங்க போட்டுக் குடுத்தாங்க" என்றார் மனைவி.

அண்ணன் போனை வாங்கினார். கையில் ஒரு சாமான் வந்ததும் முகத்தில் உயிர் வந்தது. எங்கெங்கோ போய் எதை எதையோ தட்டி, அதற்குள் இருந்த குரல்களைக் கண்டுபிடித்துவிட்டார். இன்னொரு பெண் குரல் இருந்தது. செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரு ஆண் குரல் இருந்தது. ஒவ்வொன்றையும் 'வாங்கண்ணே' சொல்ல வைத்துக் கேட்டார். வேகத்தைக் குறைத்தார், சுருதியை இறக்கினார், மறுபடி ஏற்றினார். காதோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். தம்பி தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல். பிறகு சிரிப்பு நின்றது. அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி விளக்கைப் போட்டார். கடைசியில் அண்ணன் போனைப் பழையபடியே வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல உன் குரல் இல்லடா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அன்னைக்கு நீ வந்தே. பயந்துட்டேன்டா. நீ என்ன சொல்லுவியோ, நான் என்ன சொல்லுவேனோன்னு பயம். பொட்டியத்தான் பாத்தேன். உன் தொண்டை அப்படி இருந்துச்சே, என்னடா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. உக்காருடான்னு சொல்லலையே. அதுக்கப்புறமும் ஒரு மாசம், நீ வருவேன்னு சட்டை தைச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சு வரல. இத்தன வருஷமா வரல. உன் குரல நானே விட்டுட்டேனேடா." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

தம்பி எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். வெகுநேரம் எழுதினார். பிறகு போனை அண்ணன் பக்கமாக நீட்டி அழுத்தினார்.

"பரவாயில்லண்ணே. நான் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கணும்."

அண்ணன் முகத்திலிருந்து கையை எடுத்தார். யாரோ ஒரு பெண் உள்ளே வந்து பேசுகிறாள் என்று நினைத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தம்பிதாண்ணே சொல்றார்" என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.